குளிர்காலத்தில் உடையும் படகுக் குழாய்கள்: பிங்க் நிற ஆன்டிஃபிரீஸ் எதற்கு? கார் கூலன்ட்டை ஏன் ஊற்றக் கூடாது? முழு விளக்கம்

ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டிலை முழுக்க நிரப்பி வைத்துவிட்டு மறந்துபோன அனுபவம் பலருக்கும் இருக்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் பாட்டில் உப்பியிருக்கும். கண்ணாடி பாட்டில் என்றால் உடைந்தே போயிருக்கும். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் சிறிய படகு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இதே கவலைதான். அங்கே உடைவது படகுக்குள் இருக்கும் குடிநீர்க் குழாயும் பம்பும் கீசரும்.

இதைத் தடுக்க குளிர் தொடங்கும் முன்பே செய்யும் வேலைக்கு 'விண்டரைசிங்' என்று பெயர். அரை நாள் வேலைதான். ஆனால் இதில் ஒரு தவறு செய்தால் பண நஷ்டத்தோடு முடியாது. அடுத்த கோடையில் அந்தக் குழாயில் தண்ணீர் குடிப்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். அது என்ன தவறு? விண்டரைசிங்கை எப்படிச் செய்கிறார்கள்? பார்க்கலாம்.

படகுக்குள் குடிநீர் எப்படி வருகிறது?

25, 30 அடி நீளமுள்ள சிறிய படகில்கூட ஒரு குட்டி சமையலறை, கை கழுவும் தொட்டி, சில படகுகளில் ஷவர் என எல்லாம் இருக்கும். இருக்கைக்கு அடியிலோ படகின் முன்பகுதியிலோ ஒரு தண்ணீர் டேங்க் வைத்திருப்பார்கள். அதிலிருந்து 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் தண்ணீரை இழுத்து குழாய்களுக்கு அனுப்பும். குழாயைத் திறந்ததும் பம்ப் தானாக ஓடும், மூடியதும் நின்றுவிடும்.

வெந்நீருக்குத் தனியாக கீசர் உண்டு. சிறிய படகுகளில் 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் கொள்ளளவு கொண்ட கீசர் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. என்ஜினைக் குளிர்விக்க ஏரியிலிருந்து இழுக்கப்படும் தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்கான விண்டரைசிங் வேறு. நாம் இங்கே பார்ப்பது குடிநீர் அமைப்பை மட்டும்தான்.

தண்ணீர் உறைந்தால் குழாய் ஏன் உடைகிறது?

பெரும்பாலான பொருட்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் விரியும். பனிக்கட்டியாக மாறும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. மூடிய குழாய்க்குள் அது விரிவதற்கு இடம் இல்லை. அந்த அழுத்தத்தில் பிளாஸ்டிக் மட்டுமல்ல, உலோகமும் பிளந்துவிடும். பம்பின் தலைப்பகுதி, வாட்டர் ஃபில்டரின் கிண்ணம், குழாய் வால்வு, கீசர் டேங்க் ஆகியவை முதலில் அடிவாங்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒன்டாரியோ ஏரி போன்ற இடங்களில் அக்டோபர் வாக்கில் படகுகளைக் கிரேன் வைத்துத் தூக்கி கரையில் நிறுத்திவிடுவார்கள். தமிழர்கள் அதிகம் வசிக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோவில், புளஃபர்ஸ் பார்க் பக்கம் போனவர்களுக்கு படகுத்துறை பழக்கமான காட்சியாக இருக்கும். தண்ணீரில் மிதக்கும் வரை ஏரியின் வெப்பம் படகுக்கு ஓரளவு பாதுகாப்பு தரும். கரைக்கு வந்துவிட்டால் நாலா பக்கமும் குளிர்காற்றுதான். இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் மெல்லிய குழாய்கள் சீக்கிரமே உறைந்துவிடும்.

குழாயில் விழுந்த விரிசல் உடனே தெரியாது. உள்ளே இருப்பது பனிக்கட்டி என்பதால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுகூட ஒழுகாது. மே மாதம் டேங்கை நிரப்பி பம்பைப் போடும்போதுதான் மரப்பலகைக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

விண்டரைசிங்: படிப்படியாக என்ன செய்கிறார்கள்?

1. கீசரின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இதுதான் முதல் வேலை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் ஹீட்டர் காயில் எரிந்துபோகும். நிறுத்திய பிறகு தண்ணீர் ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

2. எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, பம்பை ஓடவிட்டு டேங்கைக் காலி செய்ய வேண்டும். காற்று மட்டும் வரத் தொடங்கியதும் பம்பை நிறுத்திவிட வேண்டும்.

3. கீசரின் மேலே இருக்கும் பிரஷர் வால்வைத் திறந்தால் காற்று உள்ளே போகும். பிறகு அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்தால் தண்ணீர் முழுவதும் வடிந்துவிடும். மேலே திறக்காமல் கீழே மட்டும் திறந்தால் பாதி தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும்.

4. கீசருக்குள் போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். சில படகுகளில் இதற்கென்றே 'பைபாஸ்' வால்வு இருக்கும். இதைச் செய்யாவிட்டால் அடுத்து ஊற்றும் ஆன்டிஃபிரீஸில் 23 லிட்டர் கீசரை நிரப்பவே செலவாகிவிடும்.

5. வாட்டர் ஃபில்டர் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட வேண்டும். அதன் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும்.

6. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அதன் முனையை நேராக ஆன்டிஃபிரீஸ் கேனுக்குள் விட வேண்டும். பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயாகத் திறக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் வரும், பிறகு வெளிர் நிறமாக வரும், கடைசியில் கேனில் இருக்கும் அதே அடர் நிறத்தில் வரும். அப்போதுதான் அந்தக் குழாயை மூட வேண்டும். குளிர்நீர், வெந்நீர் இரண்டு பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

7. பலரும் மறப்பது ஷவரைத்தான். படகின் பின்பக்கம் கால் கழுவ வைத்திருக்கும் சின்ன ஷவரை மறந்தால் அடுத்த வருஷம் முதலில் ஒழுகுவது அதுவாகத்தான் இருக்கும். தொட்டிகளின் கழிவுக் குழாய் வளைவிலும் கொஞ்சம் ஆன்டிஃபிரீஸ் ஊற்ற வேண்டும்.

'மைனஸ் 50' என்று போட்டிருக்கிறதே, போதாதா?

கடையில் விற்கும் கேனில் 'மைனஸ் 50 டிகிரி' என்று பெரிதாக எழுதியிருக்கும். இது ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் சுமார் மைனஸ் 45. ஆனால் அது உறையாமல் இருக்கும் எல்லை அல்ல, குழாய் வெடிக்காமல் இருக்கும் எல்லை. அந்தத் திரவம் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே கூழ் போல ஆகத் தொடங்கிவிடும். கூழாக இருப்பதால் குழாயை உடைக்கும் அளவுக்கு இறுகாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பாதுகாப்பும் தண்ணீர் கலக்காமல் இருந்தால்தான். குழாயில் பழைய தண்ணீர் பாதி நின்றிருந்தால் ஆன்டிஃபிரீஸ் நீர்த்துப்போய், கேனில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். அதனால்தான் முதலில் முழுசாகக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

உயிருக்கே ஆபத்தான அந்தத் தவறு எது?

ஆன்டிஃபிரீஸில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று எத்திலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது இதுதான். இது விஷம். இனிப்புச் சுவை இருப்பதால் குழந்தைகளும் நாய், பூனைகளும் குடித்துவிடும் ஆபத்து அதிகம். உடலுக்குள் போனதும் கல்லீரல் இதை அமிலங்களாக மாற்றும். அவற்றிலிருந்து உருவாகும் படிகங்கள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

மற்றொன்று புரொபிலீன் கிளைக்கால். உணவுப் பொருட்களிலும் மருந்துகளிலும் அனுமதிக்கப்பட்ட அளவில் பயன்படுத்தப்படும் பொருள் இது. குடிநீர்க் குழாயில் ஊற்ற வேண்டியது இந்த வகையைத்தான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'பிங்க் நிறம் என்றால் பாதுகாப்பானது, பச்சை என்றால் விஷம்' என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இதை நம்பக் கூடாது. கார் கூலன்ட்டும் பிங்க் நிறத்தில் விற்கிறது. நிறம் என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம் மட்டுமே. லேபிளில் புரொபிலீன் கிளைக்கால் என்றும், குடிநீர் அமைப்புக்கு ஏற்றது என்றும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இந்தப் பெயர்கள் நமக்கும் புதிதல்ல. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் உயிரிழந்த இருமல் மருந்து விவகாரம் நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. எத்திலீன் கிளைக்காலின் நெருங்கிய உறவுக்கார ரசாயனம் அது. சிரப்களில் கரைப்பானாகப் பயன்படும் பாதுகாப்பான பொருள்தான் புரொபிலீன் கிளைக்கால். பெயரில் ஒரு சொல் மாறினாலும் விளைவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

காற்றடித்து வெளியேற்றினால் போதாதா?

சிலர் ஆன்டிஃபிரீஸே வேண்டாம் என்று கம்ப்ரஸர் வைத்து குழாயில் காற்றடித்து தண்ணீரை வெளியேற்றுவார்கள். குறைந்த அழுத்தத்தில் செய்தால் இதுவும் நல்ல முறைதான். அதிக அழுத்தம் கொடுத்தால் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். பம்புக்குள்ளும் தாழ்வான வளைவுகளிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், காற்றடித்த பிறகும் அந்த இடங்களுக்கு ஆன்டிஃபிரீஸ் விடுவது நல்லது.

குளிர்காலம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

புரொபிலீன் கிளைக்கால் என்றாலும் அது குடிப்பதற்கானது அல்ல. டேங்கை நல்ல தண்ணீரால் நிரப்பி, நிறமும் நுரையும் போகும் வரை எல்லாக் குழாய்களிலும் ஓடவிட வேண்டும். அதன் பிறகு, வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சை 57 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 மில்லி என்ற அளவில் கலந்து, சில மணி நேரம் குழாய்களில் நிற்கவிட்டு, மறுபடியும் நன்றாக அலசிவிட வேண்டும். பைபாஸை எடுத்து, கீசரில் தண்ணீர் நிரம்பியதை உறுதி செய்த பிறகுதான் அதன் சுவிட்சைப் போட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்: முழுசாகக் காலி செய்ய வேண்டும், கீசரை பைபாஸ் செய்ய வேண்டும், கேனின் நிறத்தைப் பார்க்காமல் லேபிளைப் படிக்க வேண்டும். முதல் இரண்டில் தவறினால் நஷ்டம் பணத்தோடு போகும். மூன்றாவதில் தவறக் கூடாது.