நிறம் பாராத அன்பு போதுமா?

கடந்த தைப்பொங்கலன்று, லண்டனில் எமது வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் என் பேத்தியின் சுருள்முடியைத் தொட்டு, "இதை எப்படியப்பா வாரி இழுக்கிறியள்?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். என் மகள் சிரிக்கவில்லை. கரிபியன் வழிவந்த கறுப்பினத்தவரான மருமகனும் சிரிக்கவில்லை.

இனவாதத்தை எதிர்த்து நெடுங்காலம் எழுதி வந்தவன் நான். அன்றைய என் சிரிப்பு, இந்நாட்டின் பழைய விவாதமொன்றை மீண்டும் புரட்டிப் பார்க்க வைத்தது.

1965இல் தொடங்கிய பிரித்தானியத் தத்தெடுப்புத் திட்டம், வெள்ளையரல்லாத வழிவந்த 53 குழந்தைகளை 51 குடும்பங்களிடம் ஒப்படைத்தது. அவற்றுட் பெரும்பாலானவை வெள்ளையினக் குடும்பங்கள். அன்பிருந்தால் நிறம் ஒரு பொருட்டல்ல என்பதே அக்காலத் தாராளவாதிகளின் நம்பிக்கை. அப்பிள்ளைகள் பதின்ம வயதை அடைந்தபின் ஓவன் கில், பார்பரா ஜாக்சன் ஆகியோர் செய்த ஆய்வு 1983இல் வெளிவந்தது. பிள்ளைகள் வீட்டிலும் பாடசாலையிலும் நன்றாகவே இருந்தனர். ஆனால் தம் இன அடையாளத்தோடு அவர்களுக்கு ஒட்டில்லை. பெற்றோரிற் பலர் அதனை வளர்க்க முயலவுமில்லை. அதே காலத்தில் கறுப்பினச் சமூகப் பணியாளர்கள் இத்தகைய தத்தெடுப்பைக் கடுமையாக எதிர்த்தனர்.

1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், உள்ளூராட்சியின் பராமரிப்பிலுள்ள பிள்ளையின் சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கருத்திற் கொள்ளப் பணித்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் தத்தெடுப்பிலும் அதனைக் கோரியது. 2014இல் இங்கிலாந்தில் அப்பிரிவு நீக்கப்பட்டது. பிள்ளை எவர் வீட்டில் வளர்வது என்பதைச் சட்டம் தீர்மானிக்கலாம். அவ்வீட்டார் எதைக் கற்க வேண்டும் என்பதை எச்சட்டமும் கற்பித்துவிடாது.

இது வெள்ளையரின் பிரச்சினை மட்டுமா? 1970களிலும் 80களிலும் ஆசியரும் 'கறுப்பர்' என்ற அரசியற் பெயரின் கீழ் அணிதிரண்டனர். அப்பெயரை விரும்பி ஏற்றுக்கொண்ட நான், கறுப்பினத்தவரைப் பற்றி இனிக் கற்க ஏதுமில்லை என்றிருந்துவிட்டேன். ஆனால் எம்மவரின் மணமகள் தேவை விளம்பரங்கள் 'சிவந்த நிற'த்தைத்தானே கேட்டு வந்தன? அந்த அளவுகோல் என் வீட்டுக்குள்ளும் இருந்தது. பொங்கலன்று அதுதான் சிரித்தது.

பேத்திக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது என் கடமை என்றே எண்ணியிருந்தேன். அவளுடைய மற்றப் பாட்டனார் எந்தத் தீவிலிருந்து, எதற்காக வந்தார் என்று ஏழு வருடங்களாக நான் கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கிறேன். உறவினரிடமும் பேசினேன், அவர் கோபித்துக்கொண்டார். அதைவிடக் கடினமான வேலை, அன்று ஏன் சிரித்தேன் என்று பேத்திக்குச் சொல்வது. அதை இன்னும் செய்யவில்லை.