பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டமைப்பு: பழுதறிதல்

பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டமைப்பு (ஈவாப்) என்பது காரின் பெட்ரோல் டேங்கில் உருவாகும் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைத்து, என்ஜினில் எரிக்கும் ஏற்பாடு. நின்றுகொண்டிருக்கும் காரிலும் பெட்ரோல் ஆவியாகும். அந்த ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன. இதைத் தடுக்க, கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும் அமெரிக்கா முழுவதும் 1971 மாடல் கார்களிலும் இந்த அமைப்பு கட்டாயமாயிற்று.

செயல்படும் விதம்

டேங்கிலிருந்து வரும் ஆவியைக் கேனிஸ்டர் என்ற டப்பாவில் உள்ள கரி உறிஞ்சிக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்க, அந்த ஆவியை என்ஜின் உள்ளே இழுக்கும். வென்ட் வால்வு வழியாகப் புதுக் காற்று வரும். சோதனையின்போது காரின் கணினி இரு வால்வுகளையும் மூடி, டேங்கின் அழுத்தம் நிலைக்கிறதா என்று பார்க்கும்.

பிழைக்குறிகள்

கணினி கண்டறியும் பழுதைக் குறியாகப் பதிவுசெய்யும் ஓபிடி-2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயம். பி0455 பெரிய கசிவையும், பி0442 சிறு கசிவையும் (சுமார் 1 மி.மீ. துளை), பி0456 மிகச்சிறு கசிவையும் (சுமார் 0.5 மி.மீ.) குறிக்கும். பர்ஜ் ஓட்டம் சரியில்லை என்பது பி0441. குறி பழுதின் வகையை மட்டுமே சொல்லும். பழுதான பாகத்தைச் சோதித்தே அறிய வேண்டும்.

சோதிக்கும் முறை

முதலில் டேங்க் மூடி: ரப்பர் வளையத்தில் விரிசலோ அழுக்கோ உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்து பர்ஜ் வால்வு: மின் இணைப்பைக் கழற்றி, ஐட்லிங்கில் கேனிஸ்டர் பக்கக் குழாயை எடுத்து வால்வின் வாயில் விரல் வைத்தால் உறிஞ்சல் இருக்கக் கூடாது, இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. பெட்ரோல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுவது இதன் அடையாளம். வென்ட் வால்வு இதற்கு நேர்மாறு: மின்சாரம் இல்லாதபோது காற்று போக வேண்டும், 12 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்று மூட வேண்டும். அடைத்திருந்தால் பங்கில் பெட்ரோல் துப்பாக்கி அடிக்கடி தானாக நின்றுவிடும்.

இவை சரியென்றால் புகைச் சோதனை. மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்த, விரிசலிலிருந்து மெல்லிய இழையாக அது வெளிவரும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஒருபோதும் இணைக்கக் கூடாது; டேங்க் சிதையலாம்.

சரிசெய்த பிறகு

பல கார்களில் குளிர்ந்த என்ஜினும், டேங்கில் ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதம் பெட்ரோலும் இருந்தால்தான் மறுசோதனை நடக்கும். எனவே மூடியை இறுக்கியதும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று பாகங்களை மாற்ற வேண்டாம். சில நாள் ஓட்டிப் பாருங்கள். துப்பாக்கி நின்ற பிறகும் விளிம்புவரை நிரப்புவதை விட்டுவிடுங்கள்: திரவ பெட்ரோல் புகுந்தால் கேனிஸ்டர் கெட்டுவிடும்.