கணினி மேம்பட்டது, பழைய தமிழ் என்ன ஆனது?

சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு குறுந்தகட்டைத் தந்தார். திருப்பதியிலும் சித்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பேசப்படும் தமிழைப் பற்றி 1990களின் இறுதியில் அவர் திரட்டிய களத்தரவுகள் அதில் இருந்தன. தகட்டில் பழுதில்லை. கோப்புகளும் திறந்தன. ஆனால் ஓரெழுத்துகூடத் தமிழாக இல்லை. தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளும் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. "முன்பு நன்றாகத்தான் தெரிந்தது. கணினியை மாற்றிய பிறகுதான் இப்படி" என்றார் அவர்.

அந்த மாற்றத்தைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். இயங்குதளம் புதிதாக வரும்போது பிறமொழியாளருக்குப் பெரும்பாலும் திரையின் தோற்றமும் கணினியின் வேகமும் மாறின. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழருக்கோ எழுத்து என்றால் என்ன என்பதே மாறியது.

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரியாது. ஓர் எழுத்துருவில் 256 இடங்கள் இருந்தன. முதற்பாதி ஆங்கிலத்துக்குரியது. எஞ்சிய இடங்களில் ஐரோப்பிய எழுத்துகளை நீக்கிவிட்டுத் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி போன்ற சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களையே எடுத்துக்கொண்டன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதினால் கணினி சேமித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்பவற்றை மட்டுமே. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, கணினிக்குப் பொருளற்ற ஆங்கிலமாக இருந்தது. எழுத்துரு இருக்கும்வரை தமிழும் இருந்தது.

நிறுவனத்துக்கு நிறுவனம் இடங்கள் வேறுபட்டதால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியவில்லை. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகளில் இதுவே முதன்மையான விவாதமாயிற்று. சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் பங்கேற்ற இணையக் குழுவினர் திஸ்கி என்னும் முறையை வகுத்தனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முதலில் திஸ்கியிலேயே வெளிவந்தன.

2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வெளிவந்தது. ஒருங்குறியின் வழியே தமிழைத் தமிழாக அறிந்த முதல் விண்டோஸ் அதுதான். 'லதா' என்னும் எழுத்துரு அதனுடன் வந்தது. இந்திய எழுத்துகளில் தமிழும் தேவநாகரியும் மட்டுமே அதில் இடம்பெற்றன. தெலுங்கு 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்தான் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டாக இருந்திராது. திருப்பதியில் அது சிக்கலாயிற்று. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் உள்ளது. அவற்றைப் பற்றி இங்குள்ள மாணவர் எழுதவேண்டியதோ பலவேளைகளில் தெலுங்கில். மூலம் தமிழிலும் விளக்கம் தெலுங்கிலுமாக ஒரே பக்கத்தில் அமையவேண்டிய கட்டுரைக்கு விண்டோஸ் 2000 பாதிவழிதான் வந்தது.

எக்ஸ்பியிலும் வழி எளிதாக இல்லை. நிறுவியவுடன் தமிழ் தெரியாது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழி அமைப்புகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி எக்ஸ்பியின் மூலக் குறுந்தகட்டைக் கேட்கும். அது கையில் இல்லாதவர்கள் அத்துடன் நின்றார்கள். அந்தக் குறியை இடாத கணினியில் 'கொ' என்னும் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுற்றித் தனித்தனியே நின்றன. பழைய விண்டோஸ் 98இல் அதே பக்கம் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. மூலக் குறுந்தகட்டைத் தேடாமல் தமிழ் தானாகவே தெரியும் நிலை 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் ஏற்பட்டது.

தட்டெழுதுவதும் புதிய பாடமாயிற்று. விண்டோஸ் தந்த தமிழ் விசைப்பலகை, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த அமைப்பைப் பின்பற்றியது. தட்டச்சுப் பொறியிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ பழகிய விரல்களுக்கு அது அயலானது. அஞ்சல், தமிழ் 99 முறைகளில் ஒருங்குறியைத் தட்டெழுத வழிசெய்த எ-கலப்பையே அந்நாள்களில் பலருக்குக் கைகொடுத்தது. தட்டெழுதிய பின்னும் ஒரு கண்ணி இருந்தது. நோட்பேடில் எழுதிவிட்டு, சேமிக்கும்போது குறியீட்டு முறையை மாற்ற மறந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் 'சரி' என்று சொடுக்கினால், கோப்பை மூடிய பின் அந்தத் தமிழை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

புதிதாக எழுதுவதற்கு இவ்வாறு வழி பிறந்தது. ஏற்கெனவே எழுதியவை என்னவாகும் என்னும் கேள்வியை இயங்குதளம் எழுப்பவே இல்லை. பழைய முறையில் எழுத்தின் தோற்ற வரிசையே சேமிப்பு வரிசை: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் ஒலிப்பு வரிசை: முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி. ஆகவே ஓர் எண்ணுக்கு மற்றோர் எண்ணை மாற்றி வைத்தால் போதாது, வரிசையையும் திருத்த வேண்டும். நுட்பமான இழப்புகளும் நேர்ந்தன. திஸ்கியில் 'இ' இருந்த 173ஆம் இடத்தைச் சில செயலிகள் சொல்லை உடைக்கும் மறைகோடாகக் கொண்டு காட்டாமல் விட்டன. 'இலக்கணம்' அங்கே 'லக்கணம்' ஆனது. இத்தகைய சிக்கல்களுக்கு மாற்றிகளை எழுதித் தீர்வு கண்டவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே. பொங்குதமிழ் மாற்றியைத் தந்த சுரதா யாழ்வாணன், தேனீ எழுத்துருவை உருவாக்கிய அதிராம்பட்டினத்து உமர் தம்பி போன்றோரின் உழைப்பால் இணையத்திலிருந்த தமிழில் பெரும்பகுதி கரையேறியது. மதுரைத் திட்ட நூல்களும் ஒருங்குறிக்கு மாறின.

கரையேறாதவை இணையத்துக்கே வராதவை: ஆய்வேடுகள், களக்குறிப்புகள், சொல்லடைவுகள், கல்வெட்டுப் படிகள். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அலுவல்முறையாக ஏற்றது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது. எல்லைக்கு இப்பால் ஆந்திரத்தில் தமிழில் ஆய்வு செய்தவர்களை 1999ஆம் ஆண்டு ஆணையும் கட்டுப்படுத்தவில்லை, 2010ஆம் ஆண்டு ஆணையும் கட்டுப்படுத்தவில்லை. கிடைத்த எழுத்துருவில் எழுதினார்கள். அது மறைந்தபோது எழுதியதும் மறைந்தது. கல்வெட்டு ஆய்வாளரின் காத்திருப்பு இன்னும் நீண்டது. திருமலைக் கல்வெட்டுகளில் வரும் கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் 2014இல்தான் இடம் கிடைத்தது. மா, காணி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளில் பலவற்றுக்கு 2019இல் கிடைத்தது.

பேராசிரியரின் குறுந்தகட்டுக்கு வருகிறேன். கோப்பில் எழுத்துருவின் பெயர் இருந்தது, எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. நல்வாய்ப்பாக ஓர் இயலின் அச்சுப்படி அவர் வீட்டில் இருந்தது. அதை அருகில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என அட்டவணை தயாரித்தேன். பெரும்பகுதி மீண்டது. மீளாதது, எழுத்துரு விவரம் எதுவும் இல்லாத வெற்றுரைக் கோப்புகளில் இருந்த தெலுங்குச் சொற்களே. தமிழுக்கு ஓர் எழுத்துரு, தெலுங்குக்கு மற்றோர் எழுத்துரு. இரண்டும் அதே 256 இடங்களைப் பயன்படுத்தியவை. ஒரே எண் இங்கே தமிழ் எழுத்து, அடுத்த சொல்லில் தெலுங்கு எழுத்து. எங்கே தமிழ் முடிந்து தெலுங்கு தொடங்குகிறது என்பதற்கு அடையாளமே இல்லை. தமிழில் மொழிமுதலில் வாரா எழுத்துகளைக் கொண்டு சில சொற்களைப் பிரித்தேன். ஆனால் பேச்சுவழக்கு அந்த விதிக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. இருமொழிச் சூழலில் ஒரே தொடருக்குள் மக்கள் மொழி மாறுவதைப் பதிவு செய்யத்தான் பேராசிரியர் ஊர் ஊராக அலைந்தார். அந்த மாறுமிடங்களே இன்று தெரியவில்லை. தகவல் தந்த முதியவர்களில் பலர் இப்போது இல்லை. திரும்பச் சென்று கேட்க வழியில்லை.

திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, பழைய சுவர்களை இடிக்கும் முன் அவற்றிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. இடிப்பதற்கு முன் படியெடுப்பது அன்று ஆணையின் ஒரு பகுதியாகவே இருந்தது. நம் பல்கலைக்கழகத் துறைகள் கணினிகளை மாற்றியபோது அத்தகைய ஆணையை யாரும் இட்டதாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2005க்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் உங்களிடமோ உங்கள் நெறியாளரிடமோ இருந்தால் இப்போதே திறந்து பாருங்கள். பழைய கணினியை அகற்றும் முன் அதிலுள்ள எழுத்துருக்களையும் சேர்த்துப் படியெடுங்கள். அச்சுப்படி இருந்தால் ஒரு பக்கத்தையாவது கோப்புடன் வைத்திருங்கள். மாற்றி கிடைக்காத எழுத்துருவாக இருந்தாலும் அந்த ஒரு பக்கத்திலிருந்து தொடங்கலாம். எழுதியவர் அருகில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.