பிழையற எழுதும் பயிற்சி: திண்ணையிலிருந்து தோட்டத்து வீடு வரை

வீட்டில் வைத்துப் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க முற்படும் பெற்றோர் முதலில் தேடுவது, வாரத்துக்கு இத்தனை சொல் என்று வகுத்து வைத்த ஓர் அட்டவணையையே. ஆங்கிலத்தில் அத்தகைய நூல்கள் மலிந்து கிடக்கின்றன. திங்களன்று இருபது சொற்கள், வெள்ளியன்று தேர்வு என்பது அவற்றின் போக்கு. அதனை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் பொருத்தினால், பிள்ளை வெள்ளியன்று பிழையின்றி எழுதிய சொல்லையே அடுத்த வாரம் கடிதத்தில் பிழையாக எழுதுகிறது. குற்றம் பிள்ளையிடம் இல்லை. நம் முன்னோர் பிழையற எழுதப் பழகிய முறை யாது, அம்முறை கடல் கடந்து வந்தபோது எதனை இழந்தது என்பவற்றை அறிந்தால் காரணம் விளங்கும். கோல சிலாங்கூர் வட்டாரத்து அசாம் ஜாவாவையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களையும் மனத்திற்கொண்டே இதனை ஆராய்வோம்.

வீட்டில் கற்பித்தல் நமக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் கல்வி எந்நிலையில் உள்ளது என்று கணக்கெடுக்குமாறு 1822இல் மாவட்ட ஆட்சியாளர்களைப் பணித்தார். அறிக்கைகள் வந்து சேர, 1826 மார்ச்சில் தம் குறிப்பை எழுதினார். 12,498 பள்ளிகள், 188,650 மாணவர் என்பது அவர் கண்ட தொகை. ஆயினும் அக்குறிப்பில் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. சென்னை நகரில் வீட்டிலேயே கற்போர் 26,000க்கு மேல் என்றும், அது பள்ளியில் கற்போரைப்போல் ஐந்து மடங்கு என்றும் ஆட்சியாளர் அறிவித்திருந்தார். இவ்வெண்ணில் ஏதோ பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். அவர் ஐயத்தை ஏற்றுப் பாதியைத் தள்ளினாலும், எழுத்தறிவின் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்கு வெளியே, தந்தை, பாட்டன், உறவினர் வாயிலாகவே நடந்தது என்பது பெறப்படும்.

திண்ணைப் பள்ளியிலும் முறை ஏறக்குறைய அதுவே. மணலைப் பரப்பி, பிள்ளை விரலால் எழுத்தை வரையும்; வரையும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்லும். ஆனா, ஆவன்னா என்னும் ஒலி தெருமுனை வரை கேட்கும். முன்னே கற்ற மாணவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான்; சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பான். சென்னை எழும்பூரில் படைவீரரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தெருவோரப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. நம் மணற்பலகை ஆங்கிலச் சிறுவரின் எழுத்துக்கூட்டலுக்கு உதவிய பின்னரே, அவர்களுடைய சொற்பட்டியல் நம் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைக்கச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

இவ்வளவு உரக்கச் சொல்வானேன்? ஓலைச்சுவடியே காரணம். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. வைத்தால் ஏடு கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு இல்லை. எரியும் ஏரியும், கொடுவும் கோடும் ஒரே தோற்றமுடையன. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். குறிலையும் நெடிலையும் வடிவில் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர். அதற்கு முன்னர் ஏட்டை எடுத்தவனுக்கு ஓசை முன்பே செவியில் நிலைத்திருந்தாலன்றிச் சரியாகப் படிக்க இயலாது. ஆகவே செவி முதலாவது, கை இரண்டாவது, கண் மூன்றாவது என்னும் வரிசை அமைந்தது. பாடத்தை ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை பெரும்பாலும் நீங்கும், மூன்றாம் முறை கேட்டால் பிறர்க்கு முறையறிந்து உரைப்பான் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் கூறுவதும் இவ்வொழுங்கையே சுட்டுகிறது. கேட்டலுக்கு அந்நூல் எத்துணை இடம் கொடுக்கிறது என்பது நோக்கற்பாலது.

இனி, கால ஒழுங்கு. திண்ணைப் பள்ளிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, இடையில் வரும் அஷ்டமி ஆகியவையே விடுமுறை நாட்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: பிரதமைக்கும் அஷ்டமிக்கும் இடையே ஆறு நாள், அஷ்டமிக்கும் பௌர்ணமிக்கும் இடையேயும் ஆறு நாள். ஆக, பாடம் தொடர்ந்து நடப்பது ஏறத்தாழ ஒரு வார அளவே. பின்னர் ஓய்வு; ஓய்வுக்குப் பின் பழம்பாடம் ஒப்பித்தல். வாரமுறை ஆங்கிலேயர் கொணர்ந்தது என்று கருதுவோர் இதனைக் கவனிக்கவேண்டும். பெயர்தான் வேறு.

அம்முறையில் மற்றொரு சிறு வழக்கம் உண்டு. அதனைத் தன் வரலாற்றில் பதிந்து வைத்தவர் 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர். மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாட் காலையில் மறவாமல் வந்து சொல்லவேண்டும். நான்கே சொற்கள், இடையில் ஓர் இரவு. ஒரே மூச்சில் இருபது சொற்களைத் திணிக்கும் இக்கால முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், எது பிள்ளையின் இயல்பை அறிந்தது என்பது தெரியும். அடி, உதை, புளியம் விளார் ஆகியவற்றையும் அப்பள்ளி அறிந்திருந்தது. அவற்றை நாம் மீட்கவேண்டியதில்லை. (அசாம் ஜாவா என்பதே மலாய் மொழியில் புளிக்குப் பெயர்.)

தமிழர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தபோது இம்முறை முழுமையாக உடன் வரவில்லை. வந்தவர் பெரும்பாலும் எழுத்தறியாதவர். இவ்வட்டாரத்தில் ரப்பரும், பின்னர் செம்பனையும் பயிராயின. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் எழுந்தது. அதனை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, 1930இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்காகத் தம் நாட்டின் கோன்கூர் பரிசைப் பெற்றவர். அத்தோட்டத்தின் பெயர் உரோமன் எழுத்தில் 'டென்னமாரம்' என்று படிக்கும்படி எழுதப்பட்டது. அது தென்னைமரம் என்பது தமிழர்க்குச் சொல்லாமலே விளங்கும். தமிழ்ச்சொல் வேற்றெழுத்தில் புகுந்து உருமாறித் திரும்பும் விந்தையை எழுத்துப்பிழை பற்றிப் பேசும் ஆசிரியர் தம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் பலவற்றில் ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில். சில இடங்களில் கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியரானார். ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்ற வகுப்புப் பிள்ளைகள் சத்தமின்றி இருக்கவேண்டும். ஆகவே சிலேட்டில் பார்த்தெழுதுதல் பெருகிற்று. வாய்விட்டுச் சொல்லுதல் குறைந்தது. செவிக்கும் கைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது இங்கேதான் என்பது என் துணிபு. வீட்டில் அதனை ஈடுசெய்ய ஆளில்லை. பெற்றோர் இருவரும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவர், கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். மாலையில் களைத்துத் திரும்பியவர் ஆனா ஆவன்னா கேட்கும் நிலையில் இருந்திருப்பரோ?

இன்னொன்றும் சேர்ந்தது. சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு என்று பல மாவட்டத்தார் ஒரே லயத்தில் குடியிருந்தனர். தெலுங்கரும் மலையாளிகளும் கலந்திருந்தனர். திறனில்லாத் தொழிலாளர் உதவிபெற்று வெளிநாடு செல்வதை இந்திய அரசு 1938இல் தடுத்தபின் புதியவர் வரவு அருகிற்று. கலந்த பேச்சு இறுகி ஒரு தோட்டத் தமிழாயிற்று. வாழைப்பழம் வாளப்பளமாகவும், எழுந்தான் எந்திரிச்சானாகவும் ஒலிக்கும் இடத்தில், பிள்ளை தான் கேட்டபடி எழுதினால் அது பிழையாகிறது. பிள்ளை கேட்டதைத்தான் எழுதுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சுதந்திரம் பெற்ற 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும் இப்பொழுது ஏறத்தாழ 520 எஞ்சியுள்ளன. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயமாதலின், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க அமைச்சரின் விலக்கு வேண்டும். அவ்விலக்குப் பெற்றவருக்கும், பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலையில் வீட்டில் பயிற்றுவோருக்கும் தேவை ஒன்றே. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை இவ்வினாவை எண்ணாத பெற்றோரும் எண்ண நேர்ந்தது.

நீண்டநேரப் பயிற்சி பயன்தரும் என்று எண்ணற்க. அமெரிக்காவில் ஜோசப் மேயர் ரைஸ் என்னும் மருத்துவர் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரைச் சோதித்து 1897இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. நாள்தோறும் நாற்பது, ஐம்பது நிமிடம் எழுத்துக்கூட்டல் பயின்றவர், பத்துப் பதினைந்து நிமிடம் பயின்றவரைவிட மேம்பட்டிருக்கவில்லை. தமிழ் வீட்டுக்கும் கால்மணி நேரம் போதும்.

ஆனால் எந்தச் சொற்களை எடுப்பது? இங்கேதான் ஆங்கிலப் பட்டியல் உதவாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனனம் செய்யவேண்டிய நிலை உண்டு. தமிழில் பிழைகள் குடும்பம் குடும்பமாக வருகின்றன. ர–ற, ல–ள–ழ, ந–ன–ண என்னும் மயக்கம் ஒன்று; ஒற்று மிகுதலும் மிகாமையும் மற்றொன்று; பேச்சு வடிவம் எழுத்தில் நுழைவது மூன்றாவது. எனவே ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று கொள்க. மரம்–மறம், அரம்–அறம், கூரை–கூறை. அடுத்த வாரம் வலி–வளி–வழி, விலை–விளை–விழை. பின்னர் பணி–பனி, மணம்–மனம். எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டா.

ணகர, நகர, னகரத்துக்கு நம் நெடுங்கணக்கே வழிகாட்டி. டகரத்தின் முன் ண், தகரத்தின் முன் ந், றகரத்தின் முன் ன்: வண்டி, பந்து, கன்று. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று ஆசிரியர் சொல்லித் தருவது இதனையே. வண்டி என்னும்போது நா எங்கே படுகிறது, பந்து என்னும்போது எங்கே படுகிறது என்று பிள்ளையைத் தடவிப் பார்த்துச் சொல்லச் செய்தால் மனனம் பாதி குறையும். அதுபோலவே, ட், ற் என்னும் ஒற்றுகளை அடுத்து இன்னொரு மெய் வாராது. ஆதலால் கட்ச்சி, முயற்ச்சி என்பன பிழை. இவ்வொரு விதி பெரியவர் பலருக்கும் பயன்படும்!

வாரத்தின் முதல் நாளில் சொற்களைச் சொல்லக் கேட்டு, பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். தட்டில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ விரலால் எழுதிக்கொண்டே சொல்லட்டும். அன்றிரவு நான்கு சொற்களைச் சொல்லி உறங்க வையுங்கள், காலையில் கேளுங்கள். இரண்டாம் நாள் பாராமல் தாளில் எழுதுதல். அடுத்த நாள் அச்சொற்களை வைத்து வாக்கியம். ஒருநாள் ஓய்வு. வாரக் கடைசியில் சொல்வதெழுதுதல். அதுவும் தனிச்சொற்களாக அன்றி ஐந்தாறு வாக்கியமாக இருத்தல் வேண்டும். 'பால்மரம் வெட்டப் போனார்', 'கடைக்குச் சென்றாள்' என்று தொடராகச் சொன்னாலன்றி ஒற்று மிகும் இடம் வெளிப்படாது. பிழையைத் தாய் திருத்தாமல், எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் காட்டிப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுதல் நன்று. தவறியவை தனி ஏட்டில் ஏறி மறுவாரம் திரும்பிவரும். நான்காம் வாரத்தில் புதிய சொல் எதுவும் வேண்டா, பழையவற்றையே ஒப்பிக்கட்டும்.

பாட்டிமார் துணை இதில் பெரிது. ழகரம் வாயில் சரியாக வரும் பாட்டி ஒருவர் வீட்டில் இருந்தால், சொல்லித்தரும் பொறுப்பை அவரிடமே விடலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பிள்ளைக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. அது பின்னர் மலேசியாவிலும் வழக்கிற்கு வந்தது. அதற்குமுன் பயின்ற பாட்டி 'லை', 'ணை' முதலியவற்றைத் துதிக்கைபோல் மேலே வளைத்து எழுதுவார். அது பிழையன்று, பழைய வடிவம். இரண்டையும் அருகருகே எழுதச் சொல்லிப் பிள்ளைக்குக் காட்டுக.