காற்று முறிவு

காற்று முறிவு: குறுகிய தொலைவுக்குள் காற்றின் வேகமோ திசையோ இரண்டுமோ சட்டென மாறுபடுவதைக் குறிக்கும் வானிலையியல் சொல். விண்ட் ஷியர் என்றும் வழங்கும். ஒரே உயரத்தில் இடத்துக்கு இடம் மாறினால் கிடைமட்ட முறிவு. உயரம் கூடக்கூட மாறினால் செங்குத்து முறிவு.

மதுரைச் சமவெளியில்: ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் மேல்காற்று தரையில் புழுதி கிளப்பும். அதே நேரம் ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து தாரைக்காற்று எனும் அதிவேக மேல்வானக் காற்று பாயும். தாழ்ந்த மேகங்கள் கிழக்கே ஓட, உச்சியில் கீற்று மேகங்கள் மேற்கே நகர்வதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

வரலாறு: ஹைட்ரஜன் பலூன்களைப் பறக்கவிட்டு, தியோடலைட் கருவியால் பின்தொடர்ந்து மேல்வானக் காற்று அளக்கப்பட்டது. இந்தக் கீழைத் தாரைக்காற்றை விளக்கி 1958இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநரான பி. கோட்டேஸ்வரம்.

விமானத்துக்குக் காற்று முறிவு எவ்வளவு கொடியது என்பதை 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்கும்போது நொறுங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் காட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிமேகத்திலிருந்து இறங்கும் காற்று தரையில் மோதி நாற்புறமும் சிதறுவதே காரணம் என்று வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிட்டா கண்டறிந்தார். எதிர்க்காற்று நொடிகளில் பின்காற்றாக மாற, இறக்கைகள் ஏந்துவிசையை இழக்கின்றன. மதுரை வட்டாரத்தில் சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு முன்னே வாழைத் தோட்டங்களைச் சாய்க்கும் சூறைக்காற்றும் பெரும்பாலும் இவ்வகையே. விமானங்களுக்கு இந்த ஆபத்து இருப்பதால், ஓடுதளத்திலிருந்து 500 மீட்டர் உயரம் வரையுள்ள முறிவுக்கு விமான நிலைய வானிலை அலுவலகங்கள் தனியே எச்சரிக்கை விடுக்கின்றன.

புயலும் முறிவும்: புயல் வலுப்பெற அதன் மேகத்தூண் செங்குத்தாக நிற்க வேண்டும். சுமார் 1.5 கி.மீ., 12 கி.மீ. உயரக் காற்றுகள் பெரிதும் வேறுபட்டால் தூண் சாய்ந்து, மழைமேகம் மையத்தைவிட்டு விலகும். தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும் ஆடி, ஆவணியில் வங்கக்கடலில் பெரும்புயல் அரிதாவதற்கு இந்த முறிவு மிகுந்திருப்பது முக்கியக் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் முறிவு தளர, புயல் தலைதூக்கும்.

எனினும் 2013 டிசம்பரில் மிகத் தீவிரப் புயலான மாடி, வடக்கே நகர்ந்தபோது கடும் முறிவிலும் வறண்ட காற்றிலும் சிக்கித் தென்மேற்காகத் திரும்பியது. 12ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறி, பாக் நீரிணையைக் கடந்து தொண்டியை அடைந்தபோது வெறும் தாழ்வு மண்டலம்தான்.

மதுரையின் கண்மாய்கள் நிரம்ப வடகிழக்குப் பருவத்தின் தாழ்வு மண்டலங்களும் வேண்டும். ஆகவே காற்று முறிவு இச்சமவெளிக்குச் சில ஆண்டுகளில் காப்பு, சில ஆண்டுகளில் மழையிழப்பு.