'போகலாம்' எப்படி 'ஓடிப்போ' ஆனது?

ஆங்கிலக் கொச்சையில் 'வமூஸ்' என்றால் 'இடத்தைக் காலி பண்ணு'. பழைய கௌபாய் கதைகளில் பார்த்திருப்பீங்க. இதன் மூலச்சொல் ஸ்பானிஷ் 'வாமோஸ்'. ஆனால் அங்கே அர்த்தமே வேற: 'வாங்க, போகலாம்'. சொல்பவரும் கூடவே கிளம்புகிறார். அந்த '-மோஸ்' விகுதிதான் 'நாம்'.

1830-களில் அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தச் சொல் எழுத்தில் வரத் தொடங்குகிறது. 1836-ல் டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது. 1848 ஒப்பந்தத்தில் கலிபோர்னியாவும் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே வாழ்ந்த மெக்சிகர்கள் இருந்த இடத்திலேயே வேறு நாட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

போர்தான் அர்த்தத்தை மாற்றியதுன்னு நான் சொல்ல வரலை. இரவல் வாங்கும் சொல்லில் விகுதி வெறும் ஓசையாகிவிடுவது சகஜம். இருந்தாலும், நிலம் கைமாறிய அதே காலத்தில் சொல்லும் கைமாறியது. அதிலிருந்த 'நாம்' மட்டும் கூட வரவில்லை.