நிறுத்திவைத்த வாகனங்களின் சேதமும் கண்காணிப்புக் கேமராக்களும்

நிறுத்தி வைக்கப்பட்ட வாகனத்தின் கண்ணாடியை உடைத்தல், வண்ணப்பூச்சைக் கீறுதல், டயரைக் கிழித்தல், தீயிடல் போன்ற செயல்களைச் செய்தவரை அடையாளம் காண்பதற்குக் கண்காணிப்புக் கேமராக்கள் (சிசிடிவி) பயன்படுகின்றன. இச்செயல்கள் உரிமையாளர் அருகில் இல்லாத நேரத்தில் நிகழ்வதால் கண்ணால் கண்ட சாட்சி கிடைப்பது அரிது. எனவே காணொளிப் பதிவே முதன்மைச் சான்றாக அமைவதுண்டு. எனினும் பதிவு இருப்பது மட்டும் போதாது. முகம் தெரியுமளவு படம் தெளிவாக இருத்தல், அழிவதற்கு முன் பதிவு காக்கப்படுதல், உரிய சான்றிதழுடன் ஒப்படைக்கப்படுதல் ஆகிய மூன்றும் தேவை. இக்கட்டுரை செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

பகுதியின் தன்மை

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 29 அன்று செயற்பாட்டுக்கு வந்தது. இங்கு வாகனங்கள் நெடுநேரம் ஆளின்றி நிற்கும் இடங்கள் இரு வகையானவை. ஒன்று, செங்கல்பட்டு சந்திப்பு தொடருந்து நிலையம். சென்னைக்கு வேலைக்குச் செல்வோர் காலையில் விட்டுச் செல்லும் இருசக்கர வாகனங்கள் இரவு வரை அங்கு நிற்கின்றன. மற்றொன்று, ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள மாமல்லபுரம். 1984 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் ஆகியவற்றைக் காண வருவோரின் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கு சந்தித்தபோது பாதுகாப்புக்காகக் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன.

தமிழ்நாட்டில் பயன்பாடு

நகர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளின் பொதுக் கட்டடங்களில் கேமரா அமைப்பது தொடர்பான விதிகளைத் தமிழ்நாடு அரசு 2012 இல் வெளியிட்டது. 2017 முதல் 2020 வரை சென்னைக் காவல் ஆணையராக இருந்த அ. கா. விசுவநாதன் காலத்தில் "மூன்றாவது கண்" திட்டத்தின்கீழ், வணிகர்களும் குடியிருப்போரும் தெருவை நோக்கிக் கேமரா பொருத்த ஊக்குவிக்கப்பட்டனர்.

2017 சனவரி 23 அன்று சென்னையில் சல்லிக்கட்டுப் போராட்டத்தின் முடிவில் வன்முறை ஏற்பட்டது. நிறுத்தப்பட்டிருந்த வாகனங்களைக் காவலர்களே சேதப்படுத்துவதாகக் காட்டும் காணொளிகள் அப்போது பரவின. ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

படத்தின் தெளிவு

ஐ.இ.சி. 62676-4 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் தேவை. ஒருவர் அங்கிருப்பதை அறிய மட்டும் 25 படப்புள்ளிகள் போதும். 1920 படப்புள்ளி அகலமுள்ள கேமரா ஏறத்தாழ 7.7 மீட்டர் அகலத்துக்குள் மட்டுமே முதல் அளவை எட்டும். எனவே பெரிய வாகன நிறுத்துமிடம் முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கினால் சேதம் நடந்த நேரம் தெரியுமேயன்றிச் செய்தவரின் முகம் தெரியாது. நுழைவாயிலை மட்டும் நெருக்கமாகக் காட்டும் இரண்டாவது கேமரா இக்குறையை ஈடுசெய்யும்.

இரவில் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கேமராக்கள் கறுப்பு வெள்ளைப் படங்களையே தருகின்றன. கருநிறத் துணிகள் சில அதில் வெளிறித் தோன்றலாம் என்பதால், உடையின் நிறத்தைக் கொண்டு ஒருவரை ஐயுறுவது தவறாக முடியலாம். கடற்கரையோரம் உப்புக்காற்று கண்ணாடி மூடியில் படிந்து படத்தை மங்கச் செய்கிறது. உலோகப் பகுதிகளும் விரைவில் அரிக்கின்றன. 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல்களின்போது, மாற்று மின்வசதி இல்லாத கேமராக்கள் மின்தடையால் நின்றுவிடும்.

பதிவைக் காத்தல்

நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா நாளொன்றுக்கு 21.6 கிகாபைட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். நான்கு கேமராக்கள் இருந்தால் ஒரு டெராபைட்டு வன்தட்டு பதினொன்றரை நாட்களில் நிரம்பும். அதன்பின் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும். ஆகவே முறைப்பாடு தாமதமானால் சான்று தானாகவே அழிந்துவிடுகிறது. பதிவுக்கருவியின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் படியெடுக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம்

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324 ஆவது பிரிவு சொத்துச் சேதத்தைக் குறிக்கிறது. தண்டனை சேதத்தின் மதிப்பைப் பொறுத்தது என்பதால் பழுதுபார்ப்புச் செலவு மதிப்பீடும் முக்கியமானது.

* பொதுவான சேதம்: 6 மாதம் வரை சிறை
* 20,000 ரூபாய் முதல் 1 லட்சம் ரூபாய்க்குக் கீழ்: 2 ஆண்டு வரை சிறை
* 1 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும்: 5 ஆண்டு வரை சிறை

இவற்றில் சிறைக்கு மாற்றாகவோ அதனுடன் சேர்த்தோ தண்டமும் விதிக்கப்படலாம். தீயிட்டுச் சேதப்படுத்துதல் 326 ஆவது பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை சிறைக்குரியது.

சான்றாக ஏற்றல்

மின்னணுப் பதிவின் படியைச் சான்றாக ஏற்கச் சான்றிதழ் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் அன்வர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2020 இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் இது உறுதிசெய்யப்பட்டது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் விளக்கப்பட்டது. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆவது பிரிவின்படி கருவிக்குப் பொறுப்பானவரும் வல்லுநர் ஒருவரும் சான்றிதழின் இரு பகுதிகளில் ஒப்பமிட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெறும்.

பதிவு குற்றமற்றவரைக் காக்கவும் உதவுகிறது. வாரணாசி விடுதியொன்றில் நடந்த மரணம் தொடர்பான வழக்கில், விடுதியின் கேமராப் பதிவை அரசுத் தரப்பு முன்வைக்காததைக் குறையாகக் கொண்டு 2015 இல் உச்ச நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது.

தனியுரிமை

செக் குடியரசில் தம் வீட்டுச் சன்னல்கள் பலமுறை உடைக்கப்பட்டதால் ஒருவர் கேமரா பொருத்தினார். அப்பதிவால் ஐயத்துக்குரிய இருவர் அடையாளம் காணப்பட்டனர். ஆயினும் பொதுத்தெருவையும் படமெடுக்கும் கேமரா தனிப்பட்ட வீட்டுப் பயன்பாடாகாது என்று 2014 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்தைக் காக்கும் நியாயமான நலனைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் அது கூறியது. இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. பதிவைக் காவல்துறையிடம் ஒப்படைக்காமல் பொதுவெளியில் பரப்புவது, தவறாக அடையாளம் காணப்பட்ட ஒருவருக்குத் திருத்தவியலாத இழுக்கை ஏற்படுத்தக்கூடும்.